கப்பல் வராத நாளையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்

சென்ற இதழில் தீலோஸ் என்ற கிரேக்கத் தீவைப் பற்றி எழுதியிருந்தேன். ரோட்ஸுக்கும் கோஸுக்கும் நடுவே கிடக்கும் சின்னத் தீவு அது. பரப்பு சுமார் 60 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் 780 பேர். விமான நிலையம் கிடையாது. 2017 மே, 2019 செப்டம்பர், 2023 ஏப்ரல் கடைசி என்று மூன்று முறை அங்கே போய்த் தங்கியிருக்கிறேன். கட்டுரை வெளியானதும் வந்த கடிதங்களைப் படித்து முடிக்கவே இரண்டு மாலைகள் ஆயின. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவர் கடிதத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ரோட்ஸில் நான்கு நாள் தங்கப் போகிறோம். ஒரு நாள் காலையில் தீலோஸ் போய்விட்டு மாலையே திரும்பிவிடலாமா? சாந்தோரினி, மீகொனோஸ் பட்டியலோடு இதையும் ஒரு பார்வை பார்த்துவிட ஆசை.
*— கணவருடன் பயணம் கிளம்பும் வாசகி*

கப்பல் நேரம் ஒத்துவரும் கிழமைகளில் போய்த் திரும்பலாம். ஆனாலும் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

காரணம் சொல்கிறேன். காலையில் இறங்கி மாலையில் ஏறுகிறவருக்குக் கிடைப்பது நடுப்பகல் மட்டும்தான். நடுப்பகலில் தீலோஸ் தூங்கிக்கொண்டிருக்கும். லிவாதியா துறைமுகத்தில் இரண்டு காபிக் கடை, கூழாங்கல் கடற்கரை, தலைக்கு மேல் கொளுத்தும் வெயில். "இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்" என்றுதான் உங்கள் கணவர் கேட்பார். அவர் கேட்பதில் தப்பே இருக்காது.

அந்தத் தீவு தொடங்குவது கப்பல் போன பிறகு. கப்பல் வருவதற்குக் கால் மணி நேரம் முன்புவரை துறைமுகத்தில் ஆளே இருக்க மாட்டார்கள். பிறகு ஒவ்வொருவராக வருவார்கள். வெள்ளைச் சீருடையில் கடலோரக் காவல்படைக்காரர் வந்து நிற்பார். கப்பல் பின்பக்கமாகவே கரைக்கு வந்து, இரும்புப் பாலத்தை இறக்கும். அது சிமென்டில் உரசும் ஓசை ஊர் முழுக்கக் கேட்கும். அடுத்த பத்து நிமிடம் ஒரே பரபரப்பு: வெங்காய மூட்டை, எரிவாயு சிலிண்டர், பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை, பேரக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கும் மகள். ஒரு முறை ஓர் அம்மாள் தன் பெயர் எழுதிய அட்டைப் பெட்டியை வாங்கி, அங்கேயே தரையில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தார். உள்ளே தையல் மிஷினின் பாகம் ஒன்று. சரியான பாகம்தானா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். கப்பல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டது. ஐந்து நிமிடத்தில் துறைமுகம் மறுபடி வெறிச்சோடியது. பிறகு அலையின் சத்தமும் மலைமேல் ஆட்டு மணியும் மட்டும்தான்.

அந்த அமைதிக்குக் காது பழகவே எனக்கு இரண்டு நாள் பிடித்தது. ஐந்து இரவாவது தங்க முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் நான்கு நாளையும் ரோட்ஸின் பழைய கோட்டை நகரத்துக்கே கொடுங்கள். அது அதற்குத் தகுதியான இடம். இன்னொன்று: சாந்தோரினியும் மீகொனோஸும் சைக்லாதீஸ் கூட்டத்தைச் சேர்ந்தவை. தீலோஸ் தோதெகனீஸ் கூட்டத்தில், துருக்கிக் கரையோரம் இருக்கிறது. வரைபடத்தில் ஒரு விரல் அகலமாகத் தெரிவது கப்பலில் ஒரு முழு நாளைத் தின்றுவிடும்.

ஏதென்ஸிலிருந்து எப்படிப் போவது?
*— பலர்*

இரண்டு வழி. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து பெரிய கப்பல் உண்டு. இரவு முழுக்கக் கடலில் கழியும். அல்லது விமானத்தில் ரோட்ஸ் வரை வந்து, அங்கிருந்து சுமார் இரண்டு மணி நேரக் கப்பல். நான் இரண்டாவது வழியில்தான் போவேன். கோஸிலிருந்தும் வரலாம்.

ரோட்ஸில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அங்கே துறைமுகம் ஒன்றல்ல. மன்ட்ராகி, கொலோனா, அகான்தியா என்று அடுத்தடுத்து மூன்று உண்டு. வேகப் படகு புறப்படும் இடமும் பெரிய கப்பல் புறப்படும் இடமும் வேறு வேறு. பெட்டியை இழுத்துக்கொண்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுவது கடினம். 2017-ல் நான் அப்படி ஓடியிருக்கிறேன். பாலத்தைத் தூக்கும் நேரத்தில்தான் ஏறினேன். டிக்கெட் வாங்கும்போதே எந்தத் துறைமுகம் என்று கேட்டு, டிக்கெட்டின் பின்புறம் எழுதிக்கொள்ளுங்கள்.

கப்பல் தினமும் இருக்காது. குளிர்காலத்தில் வாரத்துக்குச் சில நாள்தான். முதலில் கப்பல் கிழமைகளைப் பாருங்கள். அதற்கேற்பத்தான் விமான டிக்கெட்டும் அறையும். நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். மே 1 அன்று பயணம் வைக்காதீர்கள். தொழிலாளர் தினத்தில் மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்வது அங்கே வழக்கம்.

கப்பல் ரத்தாகும் என்று எழுதியிருந்தீர்கள். புயல் காலத்தைத் தவிர்த்தால் போதாதா?
*— வங்கி ஊழியர் ஒருவர்*

புயல் வேண்டாம், ஐயா, காற்று போதும். கோடையில் வடக்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்றுக்கு மெல்தெமி என்று பெயர். ஜூலை, ஆகஸ்டில் உச்சம். மற்ற மாதங்களிலும் வரும். இதில் ஏமாற்றுவது என்னவென்றால், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது. பளீரென்று வெயில் அடிக்கும். கடல் மட்டும் வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருக்கும். காற்றின் வேகம் போபோர்ட் என்ற காற்றளவுகோலில் குறிப்பிட்ட எண்ணைத் தாண்டினால் கப்பல் புறப்படக் கூடாது என்று துறைமுக அலுவலகம் தடை போட்டுவிடும். பெரிய கப்பல்களுக்குப் பொதுவாக 8. வேகப் படகுகள் அதற்கு முன்பே நின்றுவிடும். தீவில் இந்தத் தடைக்கு "அபகொரெஃப்டிகோ" என்று பெயர். கிரேக்கத்தில் நான் முழுசாகக் கற்றுக்கொண்ட முதல் நீளமான சொல் அதுதான்.

2019 செப்டம்பரில் எனக்கு அது நடந்தது. புதன்கிழமை கிளம்பி, வெள்ளிக்கிழமை ஏதென்ஸில் விமானம் பிடிக்க வேண்டும். செவ்வாய் இரவே வீட்டுக்கார அம்மாள் மாடிப்படியில் நின்று காற்றை முகர்ந்து பார்ப்பது போல முகத்தைத் தூக்கினார். "நாளைக்கு இல்லை" என்றார். புதனும் இல்லை, வியாழனும் இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் கப்பல் வந்தது; விமானம் போய்விட்டது. கப்பல் டிக்கெட்டுக்குப் பணம் திருப்பித் தருவார்கள், அல்லது அடுத்த கப்பலுக்கு மாற்றித் தருவார்கள். விமான டிக்கெட் உங்கள் கைப்பணம்.

அந்த இரண்டு நாளும் முதல் சில மணி நேரம் நான் போனில் விமானக் கம்பெனியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் ஒரு கத்தியையும் ஒரு கூடை அவரைக்காயையும் என் முன்னால் வைத்தார். இரண்டு பேரும் உட்கார்ந்து நரம்பு கிள்ளினோம். அவர் கணவருக்கு ரோட்ஸில் மருத்துவரிடம் போகும் நாள் அந்த வாரம்தான் இருந்தது. அதுவும் தள்ளிப்போயிற்று. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கூடப் புலம்பவில்லை. தீவுக்காரர்கள் வருடம் முழுக்க இந்தக் கணக்கோடுதான் வாழ்கிறார்கள்.

ஆகவே, திரும்பும் விமானத்துக்கு முன்னால் இரண்டு இரவு ரோட்ஸிலோ ஏதென்ஸிலோ கட்டாயம் வையுங்கள். தினமும் சாப்பிடும் மருந்து இருந்தால் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துப் போங்கள். தீவில் சிறிய மருத்துவ நிலையம் இருக்கிறது. பெரிய சிகிச்சை எதற்கும் ரோட்ஸ்தான். அவசர எண் 112.

நாங்கள் முழுச் சைவம். பட்டினி கிடக்க நேருமா?
*— அறுபதைத் தாண்டிய தம்பதி*

நேராது. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் விரத நாட்கள் மிக அதிகம்: ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்பு, ஆகஸ்ட் முதல் பாதி, வருடம் முழுக்கப் பெரும்பாலான புதனும் வெள்ளியும். அந்த நாட்களில் இறைச்சி, பால், முட்டை கிடையாது. அதனால் ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் காய்கறிச் சமையல் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. எண்ணெயில் மெதுவாக வேகவைத்த காய்களுக்கு "லாதெரா" என்று ஒரு தனி வகையே உண்டு. "ஃபசொலாகியா" என்றால் தக்காளியில் வெந்த பச்சை பீன்ஸ். "ப்ரியாம்" என்றால் கத்தரி, உருளை, சுரை இனக் காய் எல்லாம் சேர்ந்து அடுப்பில் வாட்டியது. "ஃபாவா" மஞ்சள் பருப்பு மசியல். மேலே பச்சை வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும். "ஹோர்தா" என்பது மலையில் பறித்த கீரை. வெறுமனே வேகவைத்து எலுமிச்சை பிழிந்து தருவார்கள். லிவாதியாவில் ஒரு கடையில் நான் தொடர்ந்து ஆறு இரவு ஹோர்தா சாப்பிட்டேன். ஒவ்வொரு இரவும் கீரை வேறு, கசப்பும் வேறு.

இரண்டு எச்சரிக்கை. "விரதச் சாப்பாடு", அதாவது "நிஸ்திசிமோ" என்று கேட்டால் போதும் என்று சிலர் சொல்லித் தருவார்கள். போதாது. இரத்தம் இல்லாத உயிர்கள் என்ற கணக்கில் கணவாயும் ஆக்டபஸும் இறாலும் விரதத்தில் சேரும். ஆகவே "ஈமே ஹொர்தொஃபாகோஸ்" — நான் காய்கறி உண்பவர் — என்று முதலில் சொல்லிவிட்டு, "கடல் உயிர்களும் வேண்டாம்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டாவது, திராட்சை இலைச் சுருளிலும் குடைமிளகாயில் அடைத்த சோற்றிலும் சில வீடுகளில் கொத்துக்கறி இருக்கும், சில வீடுகளில் இருக்காது. கேட்காமல் வாயில் வைக்காதீர்கள். சமையலறைக்குள் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். சிறிய உணவகங்களில் சந்தோஷமாக மூடியைத் திறந்து காட்டுவார்கள்.

மேசையில் வைக்கும் ரொட்டிக்குத் தனிக் கணக்கு உண்டு. அதில் கோபப்படாதீர்கள், அது அங்கே வழக்கம்.

ஷெங்கன் விசாவில் போகிறேன். தீவிலிருந்து துருக்கி கண்ணுக்குத் தெரியும் என்றீர்களே, ஒரு நாள் போய்விட்டு வரலாமா?
*— கல்லூரி மாணவர்*

தம்பி, ஷெங்கன் என்பது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா. கிரேக்கம் அதில் உண்டு, துருக்கி இல்லை. முதலில் உன் விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்று போட்டிருக்கிறது என்று பார். ஒரே முறை என்றால், துருக்கிக்குப் படகு ஏறிய நொடியே உன் ஷெங்கன் பயணம் முடிந்தது. மாலையில் திரும்பி வந்தால் ரோட்ஸ் துறைமுகத்தில் உள்ளே விட மாட்டார்கள். பெட்டி அறையில் இருக்கும், நீ அக்கரையில் நிற்பாய். துருக்கிக்குத் தனி விசாவும் தேவை. பலமுறை நுழையும் விசா கையில் இருந்தால் மட்டும் யோசி. தீலோஸிலிருந்து நேராகப் போக வழி தேடாதே; ரோட்ஸ், கோஸ் போன்ற பெரிய துறைமுகங்களிலிருந்துதான் போக வேண்டும்.

மற்றபடி வழக்கமான விதிகள்: 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது, குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயண மருத்துவக் காப்பீடு வேண்டும், 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வாரம் வரை வைத்திருக்காதே. காப்பீட்டில் கப்பல் ரத்தால் தவறும் விமானத்துக்கும் இழப்பீடு உண்டா என்று படித்துப் பார். நான் படிக்காமல் விட்ட வரி அது.

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகன் உங்கள் கட்டுரையில் "குட்டை யானை" என்ற சொல்லைப் பார்த்ததிலிருந்து விடமாட்டேன் என்கிறான். கிரேக்கத் தீவில் யானை எப்படி வந்தது?
*— ஒரு தாய்*

உங்கள் மகனுக்கு என் அன்பு. என்னையும் அந்தத் தீவுக்கு முதலில் இழுத்தது அந்தக் கேள்விதான்.

தீலோஸில் ஹர்காதியோ என்று ஒரு குகை இருக்கிறது. 1971-லிருந்து ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தின் நிக்கோலாஸ் சிமியோனிதிஸ் அங்கே தோண்டி ஆய்வு செய்தார். யானை எலும்புகள் கிடைத்துக்கொண்டே இருந்தன. ஆனால் அவை குட்டிகளின் எலும்புகள் அல்ல. முழுசாக வளர்ந்த யானைகளே ஏறத்தாழ ஓர் ஆள் உயரம்தான் இருந்திருக்கின்றன. அவற்றின் மூதாதைகளோ நான்கு மீட்டர் வரை வளர்ந்த, நேர்த் தந்தம் கொண்ட பெரிய யானைகள்.

யானை நன்றாக நீந்தும். பனியுகத்தில் கடல் மட்டம் தாழ்ந்திருந்தபோது கரைக்கும் தீவுக்கும் இடையே தூரமும் குறைவு. அப்படி வந்து சேர்ந்தவை தீவில் மாட்டிக்கொண்டன. மேய்ச்சல் குறைவு, ஆகவே குறைவாகத் தின்று உயிர் வாழும் சிறிய உடல்களே பிழைத்தன. வேட்டையாடும் பெரிய விலங்கும் இல்லை. ஆகவே பெரிய உடம்பு தேவைப்படவும் இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சிறுத்துக்கொண்டே வந்தன. 2007-ல் இந்த இனத்துக்குத் தீவின் பெயரையே வைத்தார்கள்: பேலியோலாக்ஸோடான் தீலியென்சிஸ். ஐரோப்பாவில் கடைசிவரை தாக்குப்பிடித்த யானைகளில் இவை அடங்கும் என்கிறார்கள்.

2017-ல் நான் பார்த்தபோது அந்த எலும்புகள் மெகாலோ ஹொரியோ ஊரில் ஒரு சிறிய அறையில் இருந்தன. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல். யானைப் பல்லுக்கே உரிய குறுக்கு மடிப்புகள், சீப்புப் பல் போல அடுத்தடுத்து, சில இடத்தில் தேய்ந்து மழுங்கியிருந்தன. அந்தத் தேய்மானத்தைப் பார்த்துத்தான் என் உடம்பு சிலிர்த்தது. இது வருடக்கணக்கில் இந்த மலையின் முள்ளையும் புல்லையும் மென்ற பல். வெளியே வந்தால் அதே மலை, அதே முள், ஆடு மேய்கிறது. மகனை அழைத்துப் போவதானால் திறக்கும் நேரத்தைத் தீவில் இறங்கியதும் விசாரித்துவிடுங்கள்; கோடைக்கு ஒரு நேரம், மற்ற மாதங்களுக்கு ஒரு நேரம். குகைக்குள் இறங்கிப் பார்க்கலாம் என்று அவனுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

அக்கா, ஆளில்லாத ஊர் ஒன்று இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அங்கே பேய் உண்டா?
*— பத்தொன்பது வயது வாசகி*

பேய் இல்லை, தங்கையே. கூரைதான் இல்லை.

அதன் பெயர் மிக்ரோ ஹொரியோ. சின்ன ஊர் என்று பொருள். லிவாதியாவுக்கு மேலே, கடலிலிருந்து பார்த்தால் கண்ணில் படாதபடி மலைமடிப்பில் இருக்கிறது. கடற்கொள்ளையர் பயத்தில் மேலே போய்க் கட்டிய ஊர். கடல் பத்திரமான பிறகு, துறைமுகமும் வேலையும் கீழே இருக்க, மக்கள் ஒவ்வொரு குடும்பமாக இறங்கிவிட்டார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஊர் காலியானது. 1912 முதல் இத்தாலிய ஆட்சியில் இருந்த இந்தத் தீவுகள் 1948-ல்தான் கிரேக்கத்தோடு முறைப்படி சேர்ந்தன. அந்தக் காலத்தில் பலர் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பல் ஏறினார்கள். மரம் அரிதான தீவு. இறங்கிப் போனவர்கள் கூரைக் கட்டைகளையும் கழற்றி எடுத்துக்கொண்டே போனார்கள் என்று எனக்குச் சொன்னார்கள். அதனால்தான் சுவர்கள் நிற்கின்றன, மேலே வானம் தெரிகிறது.

மாலை ஐந்து மணிக்கு மேல் போ. வீட்டுக்குள் நுழைந்தால் சுவரில் மாடக்குழி இருக்கும், விளக்கு வைத்த கரி இருக்கும், மூலையில் அடுப்பின் கல் இருக்கும். நடு அறையில் அத்திமரம் வளர்ந்திருக்கும். ஒரு வீட்டின் சுவரில் நீலச் சுண்ணாம்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டேன், பொடியாக வந்தது. அதற்குப் பிறகு எந்தச் சுவரையும் தொடவில்லை. நீயும் தொடாதே. ஒரு தேவாலயத்தை மட்டும் இன்றும் வெள்ளையடித்துப் பராமரிக்கிறார்கள். கோடை இரவுகளில் அந்த இடிபாட்டுக்கு நடுவே ஒரு மதுக்கடை விளக்குப் போட்டு இசை வைக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. தீவின் இளைஞர்களுக்குப் பிடித்திருக்கிறது; ஊர் அவர்களுடையது.

உடைந்த மண்சட்டித் துண்டு அழகாகக் கிடந்தாலும் பையில் போடாதே. பழம்பொருளை எடுத்துப் போவது கிரேக்கச் சட்டப்படி குற்றம்.

அங்கே பொழுது போகுமா?
*— ஒரே வரியில் கேட்ட வாசகர்*

நடக்கப் பிடிக்கும் என்றால் போகும். மலைப்பாதைகள் நிறைய, தைமும் சேஜும் காலில் மிதிபட்டு மணக்கும். லிவாதியாவிலிருந்து லெத்ரா கடற்கரைக்குப் பாறையோரமாக நடந்தே போகலாம். 1993 முதல் தீவில் வேட்டைக்குத் தடை என்பதால் பறவைகள் பயமில்லாமல் இருக்கின்றன. பொனெல்லிக் கழுகை நான் இரண்டு முறை பார்த்தேன். மேற்குக் கோடியில் ஊற்றும் பெரிய மரங்களுமாக ஆயியோஸ் பன்டெலெய்மோன் மடம். ஜூலை 27 அதன் திருவிழா. அந்த வாரம் அறை கிடைப்பது கடினம். மடத்துக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

நடக்கப் பிடிக்காது, கடலில் இறங்க மாட்டேன், கடைவீதி வேண்டும் என்றால் போகாது. வேறு தீவுக்குப் போங்கள், சந்தோஷமாக இருப்பீர்கள்.

குப்பைத்தொட்டியே இல்லாத தீவு என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
*— நகராட்சியில் பணியாற்றும் வாசகர்*

உண்மை, இதை இரு காலத்திலும் பார்த்த சாட்சி நான். 2019-ல் லிவாதியா கடலோரத்தில் வழக்கமான பச்சைத் தொட்டிகள் நிரம்பி வழிந்தன. பூனைகள் பையைக் கிழித்துக்கொண்டிருந்தன. 2023-ல் போனபோது தொட்டிகளைக் காணோம். அறைக்குள் நுழைந்ததும் வீட்டுக்கார அம்மாள் சாவியோடு தனித்தனிப் பைகளைக் கொடுத்தார்: சாப்பாட்டு மிச்சம் இதில், காகிதமும் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் தகரமும் இதில், எதிலும் சேராதது இதில். வண்டி வீட்டுக்கு வீடு வந்து எடுத்துப் போகிறது. குப்பைக் கிடங்கை மூடிவிட்டார்கள்.

இரண்டாம் நாள் நான் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு தகர டப்பாவைப் போட்டுவிட்டேன். அந்த அம்மாள் அதை எடுத்து, கழுவி, துடைத்து, என் கண் முன்னால் திரும்பவும் பையில் வைத்தார். கோபமில்லை, அலட்டலும் இல்லை. மூன்றாம் நாளிலிருந்து நானே கழுவினேன். வருகிறவர்கள் எல்லோரும் இதைச் செய்தால்தான் 700, 800 பேர் கொண்ட ஊரால் ஆயிரக்கணக்கான விருந்தாளிகளின் குப்பையைச் சமாளிக்க முடியும். தயவுசெய்து செய்யுங்கள்.

நீங்கள் நகராட்சிக்காரர் என்பதால் மின்சாரத்தைப் பற்றியும் சொல்கிறேன். முன்பெல்லாம் கோஸிலிருந்து கடலடிக் கேபிளில் வரும் மின்சாரத்தையே நம்பியிருந்தார்கள்; அடிக்கடி துண்டிக்கப்படும். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 800 கிலோவாட் காற்றாலை ஒன்று, 160 கிலோவாட் சூரியத் தகடுகள், 2.88 மெகாவாட் மணி சேமிக்கும் பேட்டரி மூன்றையும் சேர்த்து அமைத்தார்கள். கப்பலை நிறுத்தும் அதே காற்றுதான் விளக்கையும் எரிய வைக்கிறது.

பணம், போக்குவரத்து, தொல்லைகள்?
*— பல கடிதங்களிலிருந்து சேர்த்தது*

யூரோவைக் கையிலும் வைத்திருங்கள். அட்டை வேலை செய்யாத கடை வரும். விடுதியில் அறை வாடகை போக ஓர் இரவுக்கு இவ்வளவு என்று அரசு வரி தனியாக வாங்குவார்கள், ஏமாற்று அல்ல. லிவாதியாவிலிருந்து மெகாலோ ஹொரியோவுக்கும் எரிஸ்தோஸ் கடற்கரைக்கும் பஸ் உண்டு. ஸ்கூட்டரோ காரோ எடுப்பதானால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். கழிவறையில் காகிதத்தை உள்ளே போடாதீர்கள், பக்கத்துக் கூடையில்தான், குழாய் சிறியது.

கோடையில் மதியம் 3 முதல் 5.30 வரையும், இரவு 11 முதல் காலை 7 வரையும் சத்தம் போடக் கூடாது என்பது சட்டம். மொட்டை வெயிலில் மாடியில் நின்று வீடியோ அழைப்பில் உரக்கப் பேசிய ஒரு குடும்பத்தை நான் பார்த்தேன். எதிர்வீட்டு முதியவர் கதவைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல் நின்று பார்த்துவிட்டு, மறுபடி மூடிக்கொண்டார். எனக்குத்தான் தலை குனிந்தது.

தனியாகப் போகும் பெண்ணுக்கு அங்கே பாதுகாப்பா?
*— நாற்பது வயது வாசகி*

மூன்று முறையும் தனியாகத்தான் போனேன். இரவு பத்து மணிக்குக் கடலோரம் நடந்திருக்கிறேன். பயம் என்று ஒன்று வந்தது மலைப்பாதையில் மட்டும்தான்; அதுவும் மனிதரால் அல்ல, கால் இடறுமோ என்று. நடக்கப் போகும் முன் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று தங்கும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, கணுக்காலைப் பிடிக்கும் ஷூ.

கேள்வி கேட்பார்கள், அதற்குத் தயாராக இருங்கள். மெகாலோ ஹொரியோவில் வாசற்படியில் கருப்பு உடையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என்னை நிறுத்தி, "தீனோஸ் ஈஸே?" என்றார். எந்த நாடு என்று கேட்கிறார் என்று நினைத்து நாட்டைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு அதையே மறுபடி கேட்டார். வீட்டுக்கார அம்மாளிடம் வந்து சொன்னபோதுதான் புரிந்தது: "நீ யார் வீட்டுப் பெண்?" மறுநாள் அதே படியில் பாட்டி. நான் தங்கியிருந்த வீட்டின் பெயரைச் சொன்னேன். "ஆ!" என்று முகம் மலர்ந்து, பக்கத்தில் இருந்த காய்ந்த ஆரிகானோக் கட்டிலிருந்து ஒரு கைப்பிடி ஒடித்து என் கையில் திணித்தார்.

அங்கே சாப்பிட்ட கேப்பர் ஊறுகாயை எப்படிச் செய்கிறார்கள் என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே!
*— சமையலில் ஆர்வமுள்ள வாசகி*

இடப்பற்றாக்குறையால் விட்டது. கேப்பர் ஒரு முட்செடி. கப்பாரி என்பது அதன் கிரேக்கப் பெயர். பழைய சுவர் இடுக்கிலும் பாறை வெடிப்பிலும் தானாக முளைத்துத் தொங்கும். நமக்கு வேண்டியது பூ மலரும் முன் இருக்கும் மொட்டு. வெயில் ஏறும் முன்பே பறித்துவிட வேண்டும். மிளகைவிடச் சற்றுப் பெரிய, இறுக்கமான மொட்டுகளே நல்லவை. முள் விரலைக் குத்தும். பச்சையாக மென்றால் தாங்க முடியாத கசப்பு. தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, சில நாள் கழித்து ஒன்றைக் கடித்துப் பார்ப்பார்கள். கசப்பு அடங்கியிருந்தால் வடித்து, துணியில் பரப்பி ஈரம் உலர்த்தி, கல் உப்போடு அடுக்கடுக்காகப் பாட்டிலில் போடுவார்கள். சிலர் வினிகரில் போடுவார்கள். இளம் இலைகளையும் அப்படியே செய்யலாம். உப்பில் போட்டதைச் சாப்பிடும் முன் நன்றாக அலசிக்கொள்ள வேண்டும். அந்த அம்மாள் கொடுத்தனுப்பிய பாட்டிலில் இன்னும் கால்வாசி இருக்கிறது.